சென்னையில் யோகமும் ஆயுர்வேத வாழ்முறையும் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் ஓராண்டுக்கான வழி

பழைய மகாபலிபுரம் சாலையில் பதினான்கு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, யோகம் சொல்லிக்கொடுக்கலாம் என்று இறங்கியவன் நான். இறங்கிய பிறகு முதல் வகுப்பை நடத்தவே இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் செலவு. அதில் பாதிக்கு மேல், முன்கூட்டியே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும் பணம். இப்போது மந்தைவெளியில் காலையும் மாலையும் வகுப்பு நடக்கிறது. மாதம் இரண்டு மூன்று பேராவது வந்து, “சார், நானும் இதையே செய்யணும்னு இருக்கேன், எங்கே ஆரம்பிக்கறது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

உடற்பயிற்சிக்கூடத்தில் யோகா வகுப்பு எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதில் பாதிதான் பயன்படும். யோகத்தையும் ஆயுர்வேதத்தையும் ஒரு சாதனையாக, வீடும் வேலையும் உள்ள மனிதர்கள் நடக்கக்கூடிய ஆன்மிக வழியாகச் சொல்லித்தர நினைப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. எதைச் சொல்லித்தரப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனாலும் பலரும் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். உடற்பயிற்சி, நோய்க்கான சிகிச்சை, சாதனை என்று மூன்று வேலைகள் யோகம் என்ற ஒரே பெயரில் நடக்கின்றன. மூன்றுக்கும் தகுதி வேறு, சட்டம் வேறு, வருகிற ஆட்களும் வேறு. சிகிச்சைதான் உங்கள் விருப்பம் என்றால் பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகப் பட்டம் படிக்க வேண்டும். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, ஆக ஐந்தரை ஆண்டு. அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் படிப்பு இல்லாமல் “யோகா சிகிச்சை” என்று பெயர்ப் பலகை வைக்காதீர்கள்.

சாதனையைச் சொல்லித்தருவதுதான் எண்ணம் என்றால், அந்தத் தாளில் “நான் செய்யாதவை” என்றும் ஒரு பட்டியல் போடுங்கள். நோய் பார்க்க மாட்டேன், மருந்து தர மாட்டேன், நாடி பிடிக்க மாட்டேன், ஜாதகம் பேச மாட்டேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

2. சொந்தப் பயிற்சி: குறைந்தது ஓராண்டு

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஓராண்டு தொடர்ந்து செய்திருக்க வேண்டும். கல்யாணம், காய்ச்சல், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் தாண்டி உங்கள் பழக்கம் நிற்கிறதா என்று அந்த ஓராண்டு காட்டிவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுந்த நேரம், பயிற்சி, சாப்பாடு, தூக்கம், கோபப்பட்ட இடம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். மாணவர்கள் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு என்னுடைய நோட்டில்தான் பதில் இருந்தது.

ஒரு ஆசிரியரிடம் நேரில் போங்கள். டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் மந்தைவெளியிலேயே இருக்கிறது. ஒரு ஆசிரியர், ஒரு மாணவர் என்று அவரவர் உடலுக்கும் வயதுக்கும் ஏற்பக் கற்றுத்தரும் முறைக்குப் பெயர் பெற்ற இடம். வேறு மரபில் படிப்பதானாலும் சரிதான். உங்களைப் பெயர் சொல்லி அழைக்கிற, உங்கள் தவறைப் பார்த்துத் திருத்துகிற ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. சான்றிதழ்: நான் 65,000 ரூபாய் இழந்த இடம்

யோகம் கற்றுத்தர இந்தியாவில் உரிமம் கட்டாயம் இல்லை. அதனாலேயே சான்றிதழ் விற்பனை கொழிக்கிறது. “28 நாளில் சர்வதேச ஆசிரியர்” என்ற விளம்பரத்தை நம்பி ஒரு நிறுவனத்தில் 65,000 ரூபாய் கட்டினேன். கையில் தங்க முத்திரை போட்ட தாள் வந்தது. அதோடு ஒரு பள்ளிக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் ஆயுஷ் எங்கே சார் இருக்கு?” என்றார். இல்லை. அந்த நிறுவனத்துக்கும், யோகம், ஆயுர்வேதம் போன்றவற்றைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டிய பெயர் யோகா சான்றளிப்பு வாரியம். ஒய்.சி.பி. என்பார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வருவது. அதில் படிகள் இருக்கின்றன. முதல் படி யோகா புரோட்டோகால் பயிற்றுநர், 200 மணி நேரப் பாடம். இரண்டாவது யோகா வெல்னஸ் பயிற்றுநர், 400 மணி நேரம். மூன்றாவது யோகா ஆசிரியர் மற்றும் மதிப்பீட்டாளர், 800 மணி நேரம். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. பலர் எழுத்துக்கு மட்டும் படித்துவிட்டுச் செய்முறையில் தடுமாறுகிறார்கள். ஆசனத்தைச் செய்து காட்டுவது வேறு, செய்துகொண்டே சொல்லித்தருவது வேறு. வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, வாயைத் திறந்து சொல்லிப் பழகுங்கள். என் அம்மாதான் எனக்கு முதல் மாணவி.

வெளிநாட்டு மாணவர்கள் வருவார்கள் என்று நினைத்தால் யோகா அலையன்ஸ் பதிவு உதவும். ஆனால் அது அமெரிக்காவில் உள்ள ஒரு தனியார் அமைப்பின் பதிவேடு, அரசு அங்கீகாரம் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பட்டம் வேண்டுமென்றால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதுநிலைப் பட்டயம் ஓராண்டு, எம்.எஸ்சி. யோகா இரண்டாண்டு. பள்ளி, கல்லூரி வேலை நோக்கம் என்றால் நேராக இதற்கே போங்கள். நடுவில் வேறு எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டம் இருந்தால் அதன் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு, மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று. ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னாலும் பின்னாலும் மாறிமாறி வருவதால், இந்த ஒரு விஷயம் எனக்கு ஏழு வாரம் தின்றது. இரண்டாவது முறை சரியான இடத்தில் 200 மணி நேரப் பயிற்சிக்கு நான் கொடுத்தது 22,000 ரூபாய். வார இறுதிகளில் மட்டும் போனதால் ஐந்து மாதம் ஆனது. தேர்வுக் கட்டணம் படிக்கு ஏற்ப மாறும். விண்ணப்பிக்கும் நாளில் வாரியத்தின் இணையதளத்தில் பார்த்து நேரடியாகக் கட்டுங்கள், இடைத்தரகர் தேவையில்லை.

4. ஆயுர்வேதம்: எங்கே நிற்க வேண்டும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் வகுப்புக்கு 58 வயது அம்மா ஒருவர் வந்துகொண்டிருந்தார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். ஒருநாள் உணவு பற்றிப் பேசும்போது நான் உற்சாகத்தில், “வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, தினமும் பிராணாயாமம் செய்தால் மாத்திரையே தேவைப்படாது” என்று சொல்லிவிட்டேன். பொதுவாகச் சொன்ன வார்த்தை. அவர் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒன்பதாவது நாள் வீட்டில் தலைசுற்றி விழுந்தார். மகன் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார், வகுப்புக்கும் வருகிறார். ஆனால் அன்று இரவு மகன் போன் செய்து, “சார், நீங்க நிறுத்தச் சொன்னீங்களா?” என்று கேட்டார். கத்தவில்லை, திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரம்தான் வகுப்பில் என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று சட்டத்தையும் மருத்துவ நண்பர்களையும் கேட்டு முறையாகத் தெரிந்துகொண்டேன்.

ஆயுர்வேத மருத்துவம் பார்க்க பி.ஏ.எம்.எஸ். பட்டம் வேண்டும், அதுவும் ஐந்தரை ஆண்டு. படித்தவர் மருத்துவப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். மூன்று மாத “ஆயுர்வேத ஆலோசகர்” சான்றிதழ் உங்களை வைத்தியர் ஆக்காது. பெயருக்கு முன் டாக்டர், வைத்தியர் என்று போட உங்களுக்கு உரிமை கிடையாது.

விளம்பரத்துக்கும் சட்டம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம் என்று நீளும் ஒரு பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கோ மாயத் தீர்வுக்கோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மாயத் தீர்வு என்பதன் விளக்கத்தில் தாயத்து, கவசம் இவற்றோடு மந்திரமும் இருக்கிறது. சாதனை வழியில் போகிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். “இந்த மந்திரத்தை 48 நாள் சொன்னால் சர்க்கரை நோய் தீரும்” என்று நோட்டீஸ் அடித்தால் அது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் விளம்பரமாகவே பார்க்கப்படலாம் என்று நினைத்தே எழுதுங்கள். என் முதல் நோட்டீஸில் “சர்க்கரை, பி.பி., தைராய்டுக்குத் தீர்வு” என்று அச்சிட்டிருந்தேன். ஆயிரம் பிரதி. மீதி இருந்ததையெல்லாம் எடைக்குப் போட்டேன்.

சரி, அப்படியானால் ஆயுர்வேதத்தில் எதைச் சொல்லித்தரலாம்? நிறைய இருக்கிறது. ஆயுர்வேதம் ‘தினசரியை’ என்று சொல்வதைச் சித்த மரபில் நாளொழுக்கம் என்பார்கள். எழும் நேரம், பல், நாக்கு, எண்ணெய், குளியல், பசித்துச் சாப்பிடுவது, நடுப்பகல் சாப்பாட்டைப் பிரதானமாக்குவது, இரவில் குறைப்பது, தூக்கம். நம் வீடுகளில் பாதி ஏற்கெனவே இருந்த பழக்கம்தான். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி எண்ணெய்க் குளியல் என்று பாட்டி வைத்திருந்த கணக்கை ‘அப்யங்கம்’ என்று புதுப்பெயரில் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணெய், மிதமான வெந்நீர், அன்று பகல் தூக்கம் கூடாது, காய்ச்சலோ அஜீரணமோ இருந்தால் வேண்டாம். இவ்வளவு போதும்.

பருவங்களைச் சொல்லித்தரும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆயுர்வேத நூல்களின் மழைக்காலம் வடக்கே ஆடி, ஆவணியில் கொட்டும் மழையை வைத்து எழுதப்பட்டது. சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. ஜூலையில் இங்கே வெயில் கொளுத்தும்போது புத்தகத்தைப் பார்த்து மழைக்கால உணவு சொல்லித்தந்தால் மாணவர் குழம்பிப்போவார். ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறதோ அதற்கேற்பச் சொல்லுங்கள். கார், குளிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற நம் ஆறு பருவங்களை வைத்துப் பாடம் அடுக்கினால் இன்னும் இயல்பாக இருக்கிறது.

மூக்குக் கழுவும் ஜலநேதியைக் கற்றுத்தருவதாக இருந்தால், கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் மட்டுமே. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. முதல் மாதத்தில் நேதியே வேண்டாம் என்பது என் வழக்கம்.

லேகியம், சூரணம், தைலம் தயாரித்து விற்க நினைக்காதீர்கள். ஆயுர்வேத மருந்து தயாரித்து விற்க மருந்து உரிமம் தேவை. உலோகங்கள் சேர்ந்த பஸ்பங்களை மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் பரிந்துரைக்கவே கூடாது. யாராவது கேட்டால் நான் சொல்வது, “ஆயுர்வேத மருத்துவரைப் பாருங்கள், சீட்டோடு மருந்து வாங்குங்கள்” என்பதுதான். திருவான்மியூரில் ஆயுர்வேத, சித்த மருந்து விற்கும் இம்காப்ஸ் இருக்கிறது, 1944-இல் மருத்துவர்கள் கூட்டுறவாகத் தொடங்கியது. வகுப்பில் சுக்குக் காப்பி கொடுப்பதற்குக் கவலை இல்லை. ஆனால் பொட்டலம் போட்டு விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நான் பதிந்தபோது சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

பி.ஏ.எம்.எஸ். படித்த மருத்துவர் ஒருவரைப் பழகிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு ஞாயிறு வந்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். மருத்துவக் கேள்விகள் அவரிடம் போகும், உங்களுக்குப் பாரம் குறையும்.

5. பெயரும் பதிவும்

முதல் ஆண்டில் தனிநபராகவே நடத்துங்கள். உங்கள் பான் கார்டு, உங்கள் பெயரில் நடப்புக் கணக்கு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, இவை போதும். உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் முழுக்க இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை. தேடும்போது மேலே வரும் தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் தரும், பணம் கேட்கும். நான் ஒரு முகவருக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன். அவர் செய்தது அந்த அரை மணி நேர வேலையைத்தான்.

அறக்கட்டளை ஆரம்பிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆன்மிகம் என்றாலே அறக்கட்டளை என்று ஒரு எண்ணம். பணம் வாங்காமல் நடத்தவோ, நன்கொடை திரட்டவோ போகிறீர்கள் என்றால் சரி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும். அறங்காவலர்களின் அடையாளச் சான்று, படங்கள், இரண்டு சாட்சிகள், அலுவலக முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் தடையின்மைக் கடிதம், மின் கட்டண ரசீது நகல் எல்லாம் தயாராக இருக்கட்டும். சங்கமாகப் பதிவதானால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். இரண்டிலுமே ஆண்டுதோறும் கணக்கு, தணிக்கை, கூட்டக் குறிப்பு உண்டு. வகுப்பு நிலைபெறும் முன்பே இதில் தலையைக் கொடுத்தால் பயிற்சிக்கான காலை நேரம் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடும்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயம் வேண்டாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. யோகா மையங்களுக்கு வரி 18 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வருமான வரித் துறையில் முறையாகப் பதிந்த அறக்கட்டளை யோகம், ஆன்மிகம் வளர்க்கச் செய்யும் பணிகளுக்கு விலக்கு உண்டு. அதை ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு சம்பாதித்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. வணிக உரிமம் உங்கள் வகை இடத்துக்குத் தேவையா என்று மண்டல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். காலை பத்தரைக்குப் போனால் ஆள் இருப்பார்கள், கூட்டம் இருக்காது.

6. இடம்

மொட்டை மாடியில் தொடங்குங்கள். உங்கள் வீடாக இருந்தால் வாடகை இல்லை, அடுக்குமாடியாக இருந்தால் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியைக் கடிதமாக வாங்குங்கள். செயலாளர் “அதெல்லாம் வேணாம் சார், நடத்துங்க” என்று வாயால் சொல்வார். அடுத்த ஆண்டு செயலாளர் மாறுவார். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் உயரம், மழை பெய்தால் வழுக்குமா, தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எப்போது ஓடும், இதையெல்லாம் ஒரு வாரம் அதே நேரத்தில் மாடியில் இருந்து பாருங்கள்.

பூங்காவும் கடற்கரையும் ஆசை காட்டும். நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் நண்பர்கள் சேர்ந்து பயிற்சி செய்வதற்கும், பேனர் கட்டிக் கட்டணம் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. கட்டணம் வாங்குவதானால் மாநகராட்சியிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அப்புறம், தியானத்துக்குப் பூங்கா சரிவராது. காலை நடைக்காரர்கள் ஆளுக்கொரு பக்தி வானொலி வைத்திருப்பார்கள்.

ஹால் எடுப்பதானால் மணிக்கணக்கில் எடுங்கள். நடன வகுப்பு, டியூஷன் நடக்கும் இடங்கள் காலையில் சும்மா கிடக்கும். நான் மணிக்கு 300 ரூபாயில் ஒன்பது மாதம் ஓட்டினேன். தனி இடம் என்று போனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதியுங்கள், அட்வான்ஸ் திரும்பத் தரும் நாளையும் சுவருக்கு வெள்ளை அடிக்கும் கழிவையும் அதில் எழுதுங்கள். இதை எழுதாமல் விட்டு நான் 40,000 ரூபாய் விட்டேன். வீட்டு மின் இணைப்பில் கட்டண வகுப்பு நடத்தினால் அபராதம் வரலாம். மின்வாரிய அலுவலகத்தில் எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பொருட்கள் குறைவாக வாங்குங்கள். கோரைப்பாய் பத்து, ஜமுக்காளம் இரண்டு, முதுகு சாய்ந்து உட்கார நாற்காலி நான்கு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி வேண்டும். வழவழப்பான தரையில் பாய் நழுவும், அங்கு மட்டும் ரப்பர் மேட்.

7. சேர்க்கைப் படிவம்

ஒரு பக்கப் படிவம் போதும். பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண், எடுக்கும் மருந்துகள், நடந்த அறுவை சிகிச்சைகள், ரத்த அழுத்தம், இதயம், கண் அழுத்த நோய், குடலிறக்கம், கழுத்து எலும்புத் தேய்மானம், வலிப்பு, கர்ப்பம். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: “மருத்துவர் தந்த எந்த மருந்தையும் இந்த வகுப்பின் பேரில் நிறுத்த மாட்டேன்.” அதற்குக் கீழே கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு, மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி இல்லை. கண் அழுத்த நோய் உள்ளவருக்குத் தலைகீழ் ஆசனங்கள் இல்லை. ‘மெதுவாகச் செய்யுங்கள்’ என்று சமாளிக்காமல், வேண்டாம் என்றே சொல்லுங்கள். முதலுதவிப் பயிற்சி ஒருநாள் போய் எடுத்துவிடுங்கள். சிறுவர் வகுப்பு என்றால் பெற்றோரில் ஒருவர் அறையில் இருக்கட்டும்.

8. கட்டணம்

ஆன்மிகத்துக்குப் பணம் வாங்கலாமா என்ற கேள்வி என்னை ஓராண்டு தூங்கவிடவில்லை. இலவசமாக நடத்திப் பார்த்தேன். இருபது பேர் சேர்ந்தார்கள், மூன்றாவது வாரம் ஐந்து பேர். வாடகை என் கையிலிருந்து போனது, கோபம் வந்தது, அந்தக் கோபத்தோடு தியானம் சொல்லித்தந்தேன். இப்போது மாதம் 1,500 ரூபாய், வாரம் ஐந்து நாள். கட்ட முடியாதவர் தனியே வந்து சொன்னால் போதும், காரணம் கேட்பதில்லை. பத்து பேருக்கு இரண்டு பேர் அப்படி இருப்பார்கள் என்று கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். ஜிபே வந்தாலும் ரசீது கொடுங்கள். ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்காதீர்கள். நீங்கள் நிறுத்த நேர்ந்தால் திருப்பித் தர முடியாமல் போகும்.

9. முதல் பன்னிரண்டு வாரம்

ஆசனத்தோடு மட்டும் நின்றால் மூன்றாவது மாதம் அது உடற்பயிற்சியாகிவிடும். நான் அடுக்கும் முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் உட்காருவது, மூச்சைக் கவனிப்பது, தூங்கும் நேரத்தைச் சீராக்குவது. வேறு எதுவும் இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, வாரத்துக்கு ஒன்றாகப் பத்து இயம நியமங்கள், அதாவது யோகம் சொல்லும் ஒழுக்கங்கள். விரிவுரை பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, வாரம் முழுக்கச் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். அஸ்தேயம் வாரத்தில் யாரையும் காக்கவைக்காமல் வருவது, ஏனென்றால் அடுத்தவர் நேரத்தை எடுப்பதும் திருட்டு. தேவைக்கு மேல் சேர்க்காமை என்ற அபரிகிரகத்துக்கு, ஓராண்டாகத் தொடாத துணியை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பது. அகிம்சைக்கு, மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது ஹாரன் அடிக்காமல் கண்ணைத் திறந்தபடி மூச்சை எண்ணுவது. வண்டி ஓட்டும்போது பிராணாயாமம் செய்யச் சொல்லாதீர்கள், நிற்கும்போது எண்ணினால் போதும். ஒரு மாணவர் “சார், சிக்னல் இப்ப எனக்குக் கோயில் மாதிரி ஆயிடுச்சு” என்றார். அந்த மாதம் முழுக்க எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆயுர்வேதத்தையும் இதோடு சேர்த்துத் தாருங்கள், தனிப் பாடமாக வேண்டாம். சௌசம், அதாவது தூய்மை வாரத்தில் நாக்கு வழிப்பது, எண்ணெய்க் குளியல். சந்தோஷம் வாரத்தில் கைப்பேசி இல்லாமல் ஒரு வேளை சாப்பாடு. இரவுப் பணிக்காரர்களுக்கு பிரம்ம முகூர்த்தம் பேசாதீர்கள், அவர்கள் அப்போதுதான் வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு எழுந்தவுடன் ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

ஓம் சொல்வது பற்றிக் கேள்வி வரும். என் வகுப்பில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர் சொல்லலாம், மற்றவர்கள் அந்த நேரத்தில் தேனீ ரீங்காரம் போன்ற பிராமரி செய்யலாம், அதற்கு மந்திரம் இல்லை. முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிட்டால் யாரும் கூச்சத்தோடு வாய் அசைக்க வேண்டியதில்லை.

உங்கள் காலில் விழ வருவார்கள். விடாதீர்கள்.

10. எப்போது தொடங்குவது

தை மாதம் நல்லது. மார்கழியில் விடியலில் எழுந்து பழகியவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொள்ள ஆசைப்படுவார்கள், வெயிலும் ஏறியிருக்காது. ஜூன் 21 யோகா தினத்தை ஒட்டி விசாரிப்பு குவியும். அப்போது சேர்பவர்களில் பலர் ஆடி முடிவதற்குள் நின்றுவிடுவார்கள், மனம் தளர வேண்டாம். கத்தரி வெயிலில் மொட்டை மாடியில் புது வகுப்பு வேண்டாம். ஐப்பசியிலும் வேண்டாம், மழையும் தீபாவளியும் சேர்ந்து வரும்.

நேரம்: அதிகாலை 5.30 ஓய்வுபெற்றவர்களுக்கும் அலுவலகம் போகிறவர்களுக்கும். இல்லத்தரசிகளுக்குப் பள்ளி வேன் போனபிறகுதான் மூச்சுவிட நேரம், அதனால் 10.30. மாலை 7 மணி என்று போட்டால் போக்குவரத்தில் சிக்கி 7.20-க்கு வருவார்கள், 7.30 என்றே போடுங்கள்.

முதல் வகுப்புக்கு முந்தின மாலை, படிவங்களும் பேனாவும், முதலுதவிப் பெட்டி, குடிநீர், கொசுவத்தி, நாற்காலிகள் எல்லாம் அறையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் முன்பே போய், விளக்கைப் போட்டு, உங்கள் பயிற்சியை அங்கேயே முடித்துவிட்டு உட்கார்ந்திருங்கள். மூன்று பேர் வந்தாலும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள்.